நீ மொழிபெயர்த்த பிரிவுபசாரம்

செப்டம்பர் பிறந்தால், ஆக்லாந்தின் ஹென்டர்சனில் எங்கள் தெருமுனை டெய்ரிக் கடைக்காரர் பாலுக்கும் ரொட்டிக்கும் பக்கத்தில் ஒரு வாளி நிறைய மஞ்சள் ஃப்ரீசியாப் பூக்களை வைத்துவிடுவார். கடைக்கு வருகிறவர்களுக்கு அது வசந்தத்தின் வாசனை. எனக்கு வேலை போன வாசனை. இந்த வருடம் அந்த வாளிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் டொரன்டோவிலிருந்து உன் அக்கா கூப்பிட்டார். நீ போய்விட்டாயாம். மாரடைப்பு.

தென்கொரியாவின் அந்தச் சிறு நகரத்தில் தமிழ் பேசியவர்கள் நாம் இருவர்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த நீ, ஈப்போவில் பிறந்து ஆக்லாந்தில் வளர்ந்த நான். அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர்கள் என்று நம்மை அமர்த்தியிருந்தார்கள். நம் தாய்களை யாரும் விசாரிக்கவில்லை.

நீ எனக்கு முன்பே வந்தவன். கொரிய மொழியில் சண்டைகூடப் போடுவாய். எனக்கோ சாப்பாட்டுக்கடை தாண்டி ஒரு வார்த்தை வராது. அதனால் என் பள்ளித் தலைமையாசிரியர் என்னிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் பக்கத்துப் பள்ளியிலிருந்த உன்னிடம் சொல்வார். நீ என்னிடம் சொல்வாய். என் ஒப்பந்தம் முடியும் குளிர்காலத்தில், கடலோர ஊர்ப் பள்ளி ஒன்று என்னைக் கூப்பிட்டது. உன்னிடம்தான் யோசனை கேட்டேன். "விசரே உனக்கு? இஞ்ச உன்ர இடம் உறுதி மச்சான்," என்றாய். கடலோரத்துக்கு நன்றி சொல்லி மறுத்து எழுதினேன். அந்த மடலிலும் கொரிய வாக்கியங்களை நீதான் திருத்திக் கொடுத்தாய்.

பிப்ரவரியில் பட்டமளிப்பு விழா. ஆறாம் வகுப்பை முடித்தவர்களுக்குத்தான் என்றாலும், ஊரே கோட்டு மாட்டிக்கொண்டு வரும். வாசலில் பூங்கொத்து வியாபாரம். உள்ளே அரங்கில் சூட்டும் டையும், காலில் பள்ளிக்கூட ரப்பர் செருப்பும். அந்தச் செருப்போடு கம்பீரமாக நடக்க அவர்களால் மட்டுமே முடியும். எனக்கு மொழிபெயர்க்கவென்று உன் பள்ளியில் லீவு போட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். எவ்வளவு நல்லவன் என்று நினைத்தேன்.

தலைமையாசிரியர் மைக்கில் என் பெயரைச் சொன்னார். அரங்கம் திரும்பிப் பார்த்தது.

"என்னா சொல்றாரு?"

"ஒண்டுமில்லை, உன்னைப் புகழுறார். எழும்பிக் குனி."

எழுந்தேன். முதுகு நேராக, கைகள் தொடையை ஒட்ட, பார்வை தரையில் என்று நீ சொல்லிக்கொடுத்தபடியே குனிந்தேன். கைதட்டல் நிற்கவில்லை. ஒரு சிறுமி வந்து ஃப்ரீசியாக் கொத்து ஒன்றை நீட்டினாள். அன்று அரங்கில் பூ இல்லாத கையே கிடையாது. எனக்கும் ஒன்று என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். பல் தெரியச் சிரித்து இன்னொரு முறை குனிந்தேன். யாரும் கேட்காமலே.

வெளியே புகைப்படம் எடுக்கும் கூட்டத்தில், அதே சிறுமி அழுத கண்ணோடு வந்து உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாள்: "நான்தான் பள்ளியை விட்டுப் போகிறேன். நீங்கள் ஏன் போகிறீர்கள்?"

"நான் எங்கேயும் போகலையேம்மா."

அவள் உன்னைச் சுட்டிக்காட்டினாள். "இவர்தானே புது டீச்சர்?"

நீ உன் செருப்பைப் பார்த்தாய்.

ஒரு மாதத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிடும்படி தலைமையாசிரியர் உன்னிடம் சொல்லியிருக்கிறார். கொரிய மொழி தெரிந்தவர் வேண்டுமாம். தெரிந்தவர் கைக்கெட்டும் தூரத்தில், விசா முடிகிற நிலையில் இருந்திருக்கிறார்.

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தால் நீ வந்து குனிஞ்சிருப்பியே? பிள்ளையள் எவ்வளவு சந்தோசமாக் கை தட்டினவை. அதையேன் கெடுப்பான்?"

இதைவிட நேர்த்தியான காரணத்தை நான் இதுவரை கேட்டதில்லை. பூங்கொத்தை உன் கையில் திணித்துவிட்டு நடந்தேன். அந்த மாதமே ஆக்லாந்துக்குத் திரும்பினேன். கடலோரப் பள்ளிக்கு அதற்குள் ஆள் கிடைத்திருந்தது.

அதன்பின் நாம் பேசவில்லை. பேசாத இருவருக்குள் உண்மை பத்திரமாக இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

உன் அக்கா டெலிபோனில் அழுதபடி சொன்னார்: "தம்பி, உங்களைப் பற்றி நெடுகக் கதைப்பான். நியூசிலாந்துக்குப் போகோணுமெண்டு நீங்களா விரும்பி வேலையை விட்டனீங்களாம். பள்ளிக்கூடத்தை அவனிட்ட ஒப்படைச்சு, பூச்செண்டும் கையில குடுத்திட்டுப் போனீங்களாமே. அப்பிடி ஒரு சிநேகிதம் எங்க கிடைக்கும்?"

ஆக, அந்தப் பூங்கொத்தையும் நீ மொழிபெயர்த்துவிட்டாய்.

டெய்ரிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பறிகொடுத்தவரிடம் என்ன சொல்வது? "ஆமாக்கா," என்றேன். "அவன் ரொம்ப நல்லாப் பார்த்துக்கிட்டான்." அந்தப் பக்கம் அழுகை கொஞ்சம் அடங்கியது. உன் கதைக்கு இப்போது நானே சாட்சி. எதிர்த்துப் பேச உயிரோடிருந்த ஒரே ஆளையும் உன் பக்கம் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறாய்.

அன்று சொல்லிக்கொடுத்த வணக்கம் மட்டும் என்னை விடவில்லை. இங்கே நான் வேலை பார்க்கும் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் யாருக்காவது கைதட்டினால்கூட, என் முதுகு தானாக வளையப் பார்க்கிறது. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறேன்: "யார் போறாங்க?"