உங்கள் கையெழுத்து வேண்டாத இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் வீட்டைவிட்டுப் போய் நான்கு வருடம் கழித்து வந்த உங்கள் கடிதத்தில், என் பெயரில் முதலீட்டு நிதி எங்கே தொடங்கலாம் என்று என்னையே பார்க்கச் சொன்னீர்கள். கையெழுத்துப் போட வருவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் படித்துவிட்டு மூன்று இடங்களை ஒப்பிட்டேன். செல்போன் செயலியில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அம்மா பெயர் போடாமல் அடுத்த பக்கம் வராது. வங்கியில் பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

மருந்துக்கடை மாடியில் இருக்கும் முதலீட்டு முகவரிடம் கட்டணம் ஒரு சதவீதம் அதிகம். அப்பாவோடு போனேன்.

"அம்மா வரலையா பாப்பா?" என்று முகவர் கேட்டார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"இறந்துட்டாங்க சார்" என்றேன்.

"அடப்பாவமே" என்று சொல்லி, உங்கள் பெயருக்கான கட்டத்தில் அவரே கோடு போட்டார். சான்றிதழ்கூடக் கேட்கவில்லை.

அங்கேயே தொடங்கிவிட்டோம். நீங்கள் வர வேண்டாம். அந்த ஒரு சதவீதம் எனக்குக் கட்டுப்படியாகும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்