எல்லாப் பக்கமும் திரும்பும் சக்கரம்

மகிமா அப்பாவுக்கு,

மகிமாவின் பியானோவைப் பழுதுபார்க்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். நம்பினேன்.

அதைத் தள்ளிக்கொண்டு போக வண்டி செய்யக் கொடுத்தபோதே கேட்டேன், நம் கூடத்திலிருந்து தெருவுக்கு நேர்வழிதானே, எல்லாப் பக்கமும் திரும்புகிற சக்கரம் எதற்கு என்று. "கெடக்கட்டும்ளா, ஒதவும்" என்றீர்கள்.

இன்று காலடிப்பேட்டை மார்க்கெட்டில் அந்த வண்டியைச் செய்த வெல்டர் டில்லிபாபுவைப் பார்த்தேன். "இன்னாக்கா, எர்ணாவூர்ல ரேஷன் கடை பின்னாடி உங்க வூட்டு சந்த அளந்துதான் செஞ்சேன். வண்டி நல்லா திரும்புதா?" என்றான்.

"நல்லா திரும்புது தம்பி" என்று சொல்லிவிட்டு, நமக்கு வீடே இல்லாத அந்த எர்ணாவூர்ச் சந்துக்குக் கையில் காய்கறிப் பையோடு போனேன். சந்து முனையிலேயே பியானோ கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வாசித்துக்கொண்டிருந்த சிறுமிக்கு உங்கள் நெற்றி.

மகிமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகளின் அம்மா