தொட்டிலுக்கு மேல் ஒரு கொடி

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இந்தத் தீவில், எங்கள் டெலானிபூரில் மூன்று வாரமாக வெயிலே இல்லை. ஹரிக்கு லேசாக மூச்சிரைத்தது. பயப்படாதீர்கள், இப்போது பரவாயில்லை. டாக்டரம்மா, "கப்டா, துணியெல்லாம் எங்கம்மா காயப்போடுறே?" என்று கேட்டார். வீட்டுக்குள் என்று மட்டும் சொன்னேன்; தொட்டிலுக்கு மேலேதான் கொடி கட்டியிருந்தேன் என்பதை உங்களிடம்தான் சொல்கிறேன். "அந்த ஈரம் பிள்ளைக்கு ஆகாது" என்றார்.

அன்றே துணி காயவைக்கும் டிரையர் பார்க்கப் போனேன். குழாய் வழியே ஆவியை வெளியே விடும் ரகம் மலிவு. ஆனால் குவார்ட்டர்ஸ் சுவரில் துளை போட விடமாட்டார்கள். குழாய் இல்லாவிட்டால் ஈரம் மறுபடி அறைக்குள்தான். அதனால் ஈரத்தைத் தண்ணீராகத் தனித் தொட்டியில் பிடிக்கும் ரகத்தைக் கடையில் சொல்லியிருக்கிறேன். ஹேவ்லாக் தீவில் வேலையாக இருக்கும் உங்கள் மாப்பிள்ளை, "நீயே பார்த்து முடிவு பண்ணு" என்கிறார். இதிலும் தப்பு செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. கடைக்காரர், "ஹேடோ துறைமுகத்துக்குக் கப்பல் வரணும் தீதி, பத்து நாளாகும்" என்கிறார்.

அதுவரைக்கும் அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, நல்ல வெயிலில் காயவைத்து, ஹரிக்கு மாற்றுத் துணியாக விமானத் தபாலில் அனுப்புங்கள்.

நீங்கள் வர வேண்டாம், கப்பல் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. விமானத்தில் இடம் இருக்கிறதா என்று மட்டும் அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹரி இருமுகிறான், எழுந்து போகிறேன்.

உங்கள்
வைஜெயந்தி