சிவப்பு விளக்கு எரிந்தபோது

நாரிஸ் ரோடு, சிங்கப்பூர்
14-6-1959

அன்பு மகள் சந்திரமதிக்கு அம்மா எழுதுவது. வீரமாகாளியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், லண்டன் குளிரில் உனக்குச் சளி இருமல் இல்லை என்று நீ எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை போட்டால் வெறும் வயிற்றோடு போகாதே. பக்கத்து வீட்டு அன்னம்மா தன் மகனுக்காக உன்னைக் கேட்டாள், நர்ஸ் படிப்பு முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன கடிதத்தில் உன் அப்பா அடிக்கிற கூத்தை எழுதியிருந்தேன் அல்லவா, நாற்பத்தாறு வயதில், துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருக்கிற மனிதர் பாட்டுக்காரராகப் போகிறாராம். ரேடியோவில் ஒரு தடவை பாடி நன்றாக அமைந்துவிட்டால் வேலையை ராஜினாமா செய்துவிட்டு மெட்ராஸுக்குக் கப்பல் ஏறுவேன், சினிமாவில் பாடுவேன் என்று ஒரே பிடிவாதம். பென்ஷனுக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. நான் சொன்னால் காதில் ஏறாது, நீ சொன்னால் கேட்பார், இந்தப் பைத்தியம் வேண்டாம் என்று நாலு வரி எழுது என்று உன்னிடம் கெஞ்சியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோ நிலையத்தில் கூப்பிட்டிருந்தார்கள். கோட்டு, டை, தலைக்கு எண்ணெய், எல்லாம் மாப்பிள்ளை மாதிரி. வரும்போது வெங்காயம் வாங்கி வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன், எனக்கு அவ்வளவு எரிச்சல். ஆனாலும் மனசு கேட்கவில்லை, கீழே நாகூர் கனி அண்ணன் மளிகைக்கடை ரேடியோ முன்னால் போய் நின்றேன். அப்பா பெயரைச் சொன்னார்கள், ஆர்மோனியத்தில் பாட்டின் ஆரம்பத்தை வாசித்து முடித்தார்கள், பாட்டு வரவில்லை. மறுபடி வாசித்தார்கள், வரவில்லை. கடையில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் அரிசி மூட்டையைப் பார்த்தார்கள். மானம் போனது என்று கிளம்பக் காலை எடுத்தேன்.

நடந்ததை அப்புறம் அவரே சொன்னார். ஆபீசில் துரை அறைக் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு உண்டு, அது எரிந்தால் யாரும் மூச்சு விடக்கூடாது, ஃபைலைக் கட்டிக்கொண்டு அணையும்வரை நிற்கவேண்டும், இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ரேடியோ அறையிலும் பாட ஆரம்பிக்கலாம் என்பதற்கு அடையாளமாக அதே மாதிரி சிவப்பு விளக்கு எரிந்ததா, இவர் கையைக் கட்டிக்கொண்டு அணையட்டும் என்று நின்றுவிட்டார். கடைசியில் தபேலாக்காரர் சுருதி சேர்க்கிற சுத்தியலால் இவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார்.

அப்போது வந்தது பார் ஒரு குரல். அவரே மெட்டுப் போட்ட முருகன் பாட்டுத்தான், குளியலறையில் அவர் பாடப்பாட வாளி நிரம்பி வழிகிறதே என்று நான் தினமும் கத்துகிற அதே பாட்டு. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரலை எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் இந்த மனிதருக்கு ரசம் ஊற்றியிருக்கிறேன், சட்டை தேய்த்திருக்கிறேன், அவருக்குள்ளே இது இருந்தது எனக்குத் தெரியாதே அம்மா. உடம்பெல்லாம் சிலிர்த்துக் கடையில் கும்பிட்டு நின்றேன். எடை போட்டுக்கொண்டிருந்த நாகூர் கனி அண்ணன் சர்க்கரையைத் தராசிலேயே விட்டுவிட்டு, “நம்ம ஆளா லா இது, மெட்ராஸ் ஆளா?” என்றார். எங்கள் வீட்டுக்காரரேதான் என்று சொல்லி அழுதுவிட்டேன்.

வெங்காயத்தோடு வீட்டுக்கு வந்தார். அடுத்த மாதமும் கூப்பிட்டிருக்கிறார்களாம். விளக்கு விஷயத்தைச் சொல்லிச் சொல்லித் தானே சிரித்தார், பிறகு பயந்துகொண்டே, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, “நாளைக்கு நீங்க ஆபீசுக்குப் போயித்தான் ஆகணுமா?” என்று கேட்டேன். சனிக்கிழமை அரை நாள்தானே, போகாமல் எப்படி என்றார், நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தார். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்கவேண்டும், அம்மன் கூடவே இருப்பாள். ஒன்று மறக்காதே, அப்பாவுக்கு எழுதச் சொன்னேனே, அந்த நாலு வரியை எழுதிவிடாதே. தபாலில் போட்டிருந்தால் உடனே இன்னொன்று எழுது, அடுத்த மாதம் என்ன பாட்டு என்று கேட்டு எழுது.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
வே. மங்களம்