கடலம்மா கோயில் முற்றத்தில் இடம் கேட்ட விவரம்

பெங்ஹு தீவு,
ஜூன் 9.

அன்பு மகள் பெய்-லிங்குக்கு,

வான்கூவரில் நீயும் மாப்பிள்ளை போ-ருயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

1. இதை எழுதுபவன் உன் தந்தை ஹுங் வென்-பின். சட்டம் பயின்று, மாவட்ட நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கண்டதையும் கருதியதையும் கலவாமல் எழுத முயல்கிறேன்.

2. “கல்யாண மண்டபம் தேடி அலையாதீங்கப்பா, ஏன் வீண் செலவு? நாங்க இங்கேயே ரெண்டு சாட்சி வச்சுக் கையெழுத்துப் போட்டுக்கறோம்” என்று சென்ற மாதம் தொலைபேசியில் கூறினாய். செலவு மட்டுமே காரணமாயின் அதற்கு வழி உண்டு என்று கருதித் தேடலானேன்.

துறைமுக ஓட்டலின் கூடம் அழகானது. மேசை ஒன்றுக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்ட உன் அம்மா, “சாப்பிட்டதும் மேசையையும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகலாமா?” என்று மேலாளரிடமே கேட்டுவிட்டாள். மீனவர் சங்கக் கூடம் நம் ஓய்வூதியத்துக்குள் அடங்கும். ஆனால் நடுவே தூண்கள். “பாதிப் பேர் பொண்ணப் பாப்பாங்க, பாதிப் பேர் தூணைப் பாப்பாங்க” என்று அதையும் தள்ளினாள்.

திரும்பும் வழியில் கடலம்மா கோயில் முற்றத்தில் சற்று நின்றோம். அந்தி நேரம், கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. ஈரமணல் முழுவதும் வானத்தின் நிறம். முற்றத்தின் கல்தரைக்கும் அதற்கும் எல்லை தெரியவில்லை. சிவப்பு விரிப்பிட்ட வட்ட மேசைகள் அலைவரை மிதந்து செல்வதாகவும், பூசணி போட்ட அரிசிச் சேமியாவின் ஆவி மேகத்தோடு கலப்பதாகவும், அவற்றினூடே நீ பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்து வருவதாகவும் கண்டேன். இது கருதியது, கண்டதன்று.

வாடகை இல்லை, கடலம்மாவின் உத்தரவு போதும் என்றார் கோயில் காவலர் யென் துங்-ஹாய். குறி கேட்கும் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் போடும்போது ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். மும்முறை அவ்வாறே விழ வேண்டும். மழை, காற்று, மின்சாரம், சேதப் பொறுப்பு அனைத்தையும் உட்படுத்தி விண்ணப்பம் கூறிப் போட்டேன். இரண்டும் மல்லாந்தன. அதாவது, கடலம்மா சிரிக்கிறாள்.

“என்ன வக்கீலே, அம்மாவுக்கே நோட்டீஸா? பொண்ணுக்குக் கல்யாணம், எடம் குடுன்னு கேளுய்யா” என்றார் யென்.

அவ்வாறே கேட்டேன். மும்முறையும் சம்மதம். வாடைக்காற்று தொடங்கும் முன் எந்த நாளாயினும் முற்றம் நமக்குரியது.

அப்போது உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, “புள்ள வருவாளான்னும் ஒரு தடவ கேட்டுருங்க” என்றாள். கட்டைகளை எடுத்தேன். நெற்றிவரை உயர்த்தினேன். மனத்துள் கேள்வியையும் சொல்லிவிட்டேன். ஆனால் போடவில்லை, பீடத்திலேயே திரும்ப வைத்தேன். அவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரம் அந்த மன்றத்துக்கு இல்லை, உனக்கே உண்டு.

எங்கு கையெழுத்திட்டாலும் நீங்கள் இருவரும் நெடுநாள் இனிது வாழ்வீர்கள். அதற்கு எவர் உத்தரவும் வேண்டியதில்லை. திருமண நாளை மட்டும் நான் குறிக்கவில்லை. நீ சொல்.

இப்படிக்கு,
ஹுங் வென்-பின்

கட்டைகளைப் போடாமல் வைத்ததை நேரில் கண்ட சாட்சிகள்:
ஹுங் ட்சாய் யூ-சின், உன் அம்மா
யென் துங்-ஹாய், கோயில் காவலர்