ஊருக்காகத் தூக்கிய கை

வால்தோர்னா,
22 அக்டோபர் 2012

அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

நேற்றுச் சாயங்காலம் உங்கள் ஊர்க் கோயில் மணி அடித்தது என் டிராக்டர் பட்டறை வரைக்கும் கேட்டது. ஸ்பானரைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். "மோந்தாரா சேரலாம்னு சொல்லிருச்சுடா!" என்று பஸ் டிரைவர் தூல்லியோ ஜன்னல் வழியே கத்திக்கொண்டே போனான். நடுரோட்டில் நின்று குதித்தேன். வயசு ஐம்பதைத் தொடப்போகிறது, முட்டிவலி வேறு.

நீ வீடு வீடாக ஏறி இறங்கி, "கீழ் ஊரோட சேந்தா நம்ம பள்ளிக்கூடம் போயிரும், டாக்டர் வர்றது நின்னுரும்" என்று தொண்டை கிழியக் கத்தியும் உன் ஜனங்கள் கேட்கவில்லையே! மோந்தாராவும் வால்தோர்னாவும் ஒரே ஊராட்சியாகட்டும் என்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் திருவிழா முடிந்து அடுத்த ஞாயிறு ஓட்டு. அதுவும் ஜெயித்த மாதிரிதான். ஆனால் இது வெறும் கருத்துக் கேட்பு, முடிவு என்னவோ அந்தந்த ஊர் மன்றத்தில் உன்னையும் என்னையும் போன்ற உறுப்பினர்கள் கை தூக்கும்போதுதான். உங்கள் மன்றத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். மிச்சம் இருப்பது உன் கை.

தூக்கு நீவெஸ். ஊரே சொன்னபின் உறுப்பினருக்கு என்ன தனி அபிப்பிராயம்? உன் கடையில் ஒருவன் காபி கேட்டால், 'உன் உடம்புக்குப் பால்தான் நல்லது' என்று பாலையா ஊற்றுவாய்?

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. எட்டு வருஷம் அங்கே உன் வீட்டில் இருந்தேன். மூன்று வருஷம் முன்னால் இங்கே என் அப்பா இறந்து அவர் வீடு காலியானபோது 'கீழே வா' என்றேன், 'மாட்டேன்' என்றாய். 'சாகிறவரை நான் வால்தோர்னாக்காரன்' என்று கதவை அறைந்துவிட்டு வந்தேன். இரண்டு ஊரும் ஒன்றாகிவிட்டால் யாரும் யார் ஊருக்கும் போக வேண்டாம், ரெண்டு பேர் மானமும் தப்பிக்கும். போனில் பேசினால் சண்டையாகிறது, எழுது என்றாய். எழுதிவிட்டேன்.

சட்டப்படி இன்னும் உன் கணவன்,
அல்வீசே


மோந்தாரா,
26 அக்டோபர் 2012

சட்டப்படியான கணவருக்கு,

உன் கடிதத்தைத் தூல்லியோ கடையில் எல்லார் முன்னாலும் வைத்து நீட்டினான். கசாப்புக்கடை கஸ்பாரோ சும்மா இருப்பானா? "என்ன நீவெஸ், கட்சிக் கடுதாசியா, காதல் கடுதாசியா?" என்றான். கடையே சிரித்தது. எனக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

காபி கேட்டவனுக்குக் காபிதான் கொடுப்பேன். ஆனால் நெஞ்சுவலிக்காரன் கேட்டால் நாலு வார்த்தை திட்டுவேன், திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு. போன வருஷம் மே மாதம் என்னை மன்றத்துக்கு அனுப்பியதும் இதே ஜனங்கள்தான். 'சேரக் கூடாது' என்று சுவரெல்லாம் ஒட்டித்தான் ஜெயித்தேன். இப்போது சேரலாம் என்பதும் அவர்களேதான். எந்த வாயை நான் நம்புவது? யோசிக்கத்தானே அனுப்பினார்கள். போட்டதை அப்படியே வாங்கிக்கொள்கிற தபால்பெட்டி வேண்டுமென்றால் கடையில் வாங்கி மாட்டியிருக்கலாமே.

அதைவிடப் பெரிய தொல்லை நீ. கை தூக்கினால் 'புருஷனுக்காகத் தூக்குனா' என்பார்கள். தூக்காவிட்டால் 'புருஷன் மேல இருக்கிற கோவத்தை ஊர் மேல காட்டுறா' என்பார்கள். பழி வராமல் ஒரு கையைத் தூக்கவோ இறக்கவோ எனக்கு வழி இல்லை. எல்லாம் உன்னால்.

நீ இங்கே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தினமும் நினைக்கிறேன். எழுதிவிட்டேன், இதைச் சாக்காக வைத்து ஆடாதே. அதற்காக நான் ஊரை விற்க மாட்டேன்.

குளிர் வந்துவிட்டது, உன் கம்பளிக் கோட்டு இங்கேயே கிடக்கிறது. கொடுத்தனுப்புகிறேன்.

நீவெஸ்


வால்தோர்னா,
29 அக்டோபர் 2012

என் நீவெஸ்,

கோட்டு வந்தது. பொத்தான் எல்லாம் புதிதாகத் தைத்திருக்கிறாய், அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்! ஆடாதே என்றாய். பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன், யாரும் பார்க்கவில்லை.

கை விஷயத்தில் உன்னை இனி நச்சரிக்க மாட்டேன். (தூக்கு.)

நவம்பர் பதினொன்று எங்கள் புனித மார்ட்டின் திருவிழா. புது வைன், சுட்ட செஸ்ட்நட் கொட்டை, எல்லாம் உண்டு. இந்த வருஷம் உங்கள் ஊர்ப் புனிதர் ரோக்கோவின் சிலையையும் கீழே எழுந்தருளச் சொல். இரண்டு புனிதரும் ஒரே பவனியில் வந்தால் எங்கள் ஜனங்களுக்கு மனசு உருகிவிடும், அடுத்த ஞாயிறு ஓட்டும் சுலபமாகிவிடும். யோசனை முழுக்க என்னுடையது!

அல்வீசே


மோந்தாரா,
7 நவம்பர் 2012

அல்வீசே,

தூக்கிவிட்டேன்.

நேற்று மன்றத்தில் நிற்க இடமில்லை. பேச எழுந்தேன். "நான் இதுக்கு நேத்தும் எதிரிதான், இன்னைக்கும் எதிரிதான். ஆனா நான் உங்க வீட்டுக்கு வந்து சொல்லாம விட்டது ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் கேட்டுட்டு, எனக்கு காபியும் குடுத்துட்டு, வேற மாதிரி போட்டீங்க. கேள்வியைக் கேட்டுட்டுப் பதில் புடிக்கலைன்னா காதைப் பொத்திக்கிறவ நான் இல்ல" என்றேன். கை மேலே போனது.

அப்புறம் கஸ்பாரோ பின்னாலிருந்து, "அப்போ புருஷன் வர்றாரா?" என்று கத்தினான். "வந்தா உன் கடையிலதான் கறி வாங்குவேன், மொதல்ல எடையைச் சரியாப் போடு!" என்றேன். மேயர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற இனி உங்கள் ஆட்களோடு சண்டை போட வேண்டும், போடுவேன்.

புனித ரோக்கோ வருகிறார். சிலைக்குப் புது வர்ணம் பூசியாகிவிட்டது, பேண்டும் உண்டு. தூக்குகிற ஆட்கள் இப்போதே வைன் குடித்துப் பழகுகிறார்கள்.

நீவெஸ்


வால்தோர்னா,
19 நவம்பர் 2012

நீவெஸ்,

தோற்றுவிட்டோம். நேற்று எங்கள் ஊர் 'வேண்டாம்' என்றுவிட்டது.

காரணம் உனக்கே தெரியும், நீயும் பவனியில் இருந்தாயே! பாலத்தைத் தாண்டியதும் உங்கள் ஆட்கள் சந்தோஷத்தில் வேகம் பிடித்தார்கள், பேண்டு வேறு அவர்களை விரட்டியது. கோயில் வாசலில் புனித ரோக்கோ விறுவிறுவென்று முதலில் உள்ளே போய்விட்டார். தன் திருவிழாவில், தன் வாசலில், புனித மார்ட்டின் குதிரையோடு வெளியே நின்றார். எங்கள் பெண்கள் முகம் அப்போதே சுருங்கியதைப் பார்த்தேன். "இன்னைக்கு அவங்க சாமி முந்துது, நாளைக்கு அவங்க மேயர் முந்துவாரு" என்று ஒருத்தி சொன்னாள். அந்த வாரம் முழுக்க ஊரில் அது ஒன்றுதான் பேச்சு. கூப்பிட்ட மகான் நான்!

மன்றம் இன்னும் இருக்கிறது. என் அணியில் நால்வர், "நீ எப்படியோ அப்படியே நாங்க" என்கிறார்கள். நான் தூக்கினால் ஊர் சேர்ந்துவிடும். ஒரு சிலை வாசலில் முந்தியதற்காகக் கோபத்தில் போட்டதெல்லாம் ஒரு ஓட்டா? நாலு மாதம் போனால் அவர்களே வருத்தப்படுவார்கள்.

எனக்கு ஊராட்சி வேண்டாம் நீவெஸ், நீ வேண்டும். 'தூக்கு' என்று ஒரே ஒரு வார்த்தை எழுது.

அல்வீசே


மோந்தாரா,
23 நவம்பர் 2012

அல்வீசே,

அந்த வாசல் காட்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் அழுகை வந்தது. கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு இரண்டையும் செய்தேன்.

கோபத்தில் போட்டாலும் அது ஓட்டுதான். என் ஊர் சந்தோஷத்தில் போட்டபோது நீ குறை சொல்லவில்லையே? எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா? எல்லார் முன்னாலும் மனசுக்குப் பிடிக்காமலே கையைத் தூக்கினேன், அப்போது என் மனசில் உன் பேச்சுதான் ஓடியது.

'தூக்கு' என்று எழுதப் பேனாவை எடுத்தேன், உண்மை. எழுத மாட்டேன். ஊரை ஏமாற்றிவிட்டு மலையேறி வருகிறவனுக்கு நான் சோறு போடுவேன், ஆனால் முகம் பார்த்துப் பேச மாட்டேன்.

அழாதே. கோட்டைப் போட்டுக்கொள்.

உன் நீவெஸ்


வால்தோர்னா,
30 நவம்பர் 2012

என் நீவெஸ்,

நேற்று மன்றம். 'சேர வேண்டும் என்பவர்கள்' என்று மேயர் கேட்டார். நால்வரும் என்னையே பார்த்தார்கள். நான் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். 'சேர வேண்டாம் என்பவர்கள்' என்றதும் எடுத்துத் தூக்கினேன். என் வாழ்க்கையில் ஒரு டிராக்டர் இன்ஜின்கூட அவ்வளவு கனத்ததில்லை. ஊர் கை தட்டியது. தப்பான விஷயத்துக்குத் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன், ஆனாலும் அவர்கள் கேட்டதைக் கொடுத்தேன். அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைவதற்குள் நான் மறுபடி எழுந்தேன். "இன்னொண்ணு. நான் மன்றத்துல இருப்பேன், நீங்க சொன்னபடி கை தூக்குவேன். ஆனா ஞாயித்துக்கிழமையிலிருந்து நான் மோந்தாராவுல குடியிருக்கப் போறேன்" என்றேன்.

"அந்த முந்துற சாமி ஊருக்கா?" என்று ஒருத்தி எழுந்தேவிட்டாள்.

"ஆமாக்கா. ஊர் சேர வேணாம்னு நீங்க சொன்னீங்க, சரின்னுட்டேன். என் பொண்டாட்டியோட சேரக் கூடாதுன்னு எந்த ஓட்டுச் சீட்டுலயும் நீங்க கேக்கலையே!"

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். அந்த அக்காவே அரை மூட்டை செஸ்ட்நட் கட்டிக் கொடுத்திருக்கிறாள், உனக்காம். பட்டறைக்குத் தினமும் தூல்லியோ பஸ்ஸில் வந்து போவேன். உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் திங்கட்கிழமை குடியிருப்போர் பட்டியலில் என் பேரை எழுதிக்கொள்வார்கள், இங்கே உறுப்பினராக இருக்கவும் தடையில்லை, விசாரித்துவிட்டேன். சாகிறவரை என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். எட்டு வருஷம் உன் வீட்டில் இருந்துகொண்டே உன் ஊர்க்காரன் ஆகமாட்டேன் என்று அடம் பிடித்தவனுக்கு, இரண்டு ஊராட்சியும் ஒன்றாகித்தான் வழி பிறக்க வேண்டுமா என்ன?

ஞாயிறு காலை முதல் பஸ். இது கருத்துக் கேட்பு இல்லை, முடிவு. நீ எதிர்த்து ஓட்டுப் போடலாம், கத்தலாம், கஸ்பாரோவைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். கதவை மட்டும் தாழ் போடாதே.

உன்,
அல்வீசே