ஆறு ஈயக்குண்டுகள்

நீ செத்து முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்த பிறகு உன் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் வைத்தார். "இவளின்ரை புத்தகப் பெட்டிக்குள்ளை கிடந்தது, பிள்ளை. உன்ரை பேர் எழுதிக்கிடக்கு."

பிரித்தேன். மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள், ஆறு. நான் தடவிய பசை அவற்றில் காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. உன் வீட்டுப் படலையை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

கப்பலில் வேலை செய்யும் உன் அப்பா சிங்கப்பூரிலிருந்து அந்த ரொக்கெற் பெட்டியைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்கென்று நாம் அதைப் பொருத்தினோம். நிமிர்த்தினால் என் தோள் உயரம். ஆனால் உடம்பு வெறும் மட்டைத்தாள் குழல். அடிப்பக்கச் செட்டைகள் விரலால் அழுத்தினாலே பிளக்கும் மெல்லிய பலகை. பருத்தித்துறைக் கடற்காற்றில் குழல் இரண்டே நாளில் நொய்ந்துபோனது. பட்டம் கட்டுகிற வீட்டுப் பிள்ளை நீ. மூங்கிலைச் சீவிச் செட்டைகளின் ஓரத்தில் வைத்துக் கட்டினாய். மாப்பசை தடவிய தாளைக் குழலின் மேல் சுருக்கமே விழாமல் சுற்றினாய். பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் அடிப்பக்கம் பாரமாகிவிட்டது. பெட்டியோடு வந்த ஆங்கிலச் செய்முறைத் தாளை அகராதி வைத்துப் படித்தவள் நான். நூலில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் மூக்கு முன்னே போகவேண்டும். நம்முடையது வால் முன்னே போனது. மூக்குக்குள் ஆறு ஈயக்குண்டுகளை ஒட்டிய பிறகுதான் சரிவந்தது.

"எடி, உவ்வளவு பாரத்தோடை உது எப்பிடியடி ஏறும்?" என்றாய்.

"உது பட்டமில்லை. மூக்குப் பாரமாய் இருந்தால்தான் நேரே போகும். தாளிலை கிடக்கு."

"காத்துக்கு உன்ரை தாள் வாசிக்கத் தெரியுமோ?"

சிரித்தோம். நீ ஒப்புக்கொண்டுவிட்டாய் என்று நினைத்தேன்.

கண்காட்சியன்று ரொக்கெற் பனை உயரம்கூடப் போகவில்லை. கரணமடித்துத் திரும்பி, அதிபரின் கதிரைக்குப் பக்கத்தில் குத்தி நொறுங்கியது.

"கணக்குப் பார்த்தது ஆர்?" என்று விஞ்ஞான ரீச்சர் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீ உன் பின்னல் நுனியைப் பார்த்தாய்.

"பாடமாக்கிறது வேறை, விளங்கிறது வேறை. நீர் கலைப்பிரிவுக்குப் போம்," என்றார் ரீச்சர் என்னிடம்.

பட்டப் போட்டியன்று காலையில் பட்டக்காரர் பாரம் குறைப்பார்களே, அப்படித்தான் நீயும் என்னைக் கேளாமல் மூக்கைக் கழற்றிக் குண்டுகளை எடுத்திருக்கிறாய். அதை மன்னிப்பேன். உயரப் போகவேண்டும் என்றுதானே செய்தாய். ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம்! பஸ்ஸில் என் பக்கத்திலேயே இருந்து வந்தாய். என் மாங்காயில் பங்கு கேட்டாய். நான் பௌதிகமே வேண்டாமென்று, இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தபோது கூடவே நடந்து வந்தாய். பொட்டலத்தில் என் பெயரை எழுதிய கைக்கு அதை என்னிடம் நீட்டத் தெரியவில்லையா? பிறகு காய்ச்சல் என்று படுத்தாய். ஒரு கிழமையில் போய்விட்டாய். இனி நான் ஆரைப் பிடித்துக் கேட்பது?

"செத்த பிள்ளையிலை குறை சொல்லாதை," என்கிறார் என் அம்மா. சொல்லத்தான் போகிறேன். உயர்தர வகுப்பு விண்ணப்பத்தில் பௌதிகம் என்று பேனையால் எழுதிவிட்டேன். நாளை அதை ரீச்சரின் மேசையில் வைத்து, நடந்ததைச் சொல்வேன்.

செத்த வீட்டில் எல்லாரும் உன்னை ஒரு பிழையும் அறியாத பிள்ளை என்று சொல்லி அழுதார்கள். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது. பிழை விட்டு, அதை மறைத்து, என்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவளைத்தான் தெரியும். அவளோடு என் சண்டை இன்னும் முடியவில்லை.